மாத்திரை தோற்றுக்கொண்டிருக்கிறது

குடற்புழு ஆராய்ச்சியைத் தாக்கிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை ஒரே கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது. சில ரூபாய்க்குப் பூச்சி மாத்திரை கிடைக்கும் நாட்டில், புழுவின் மரபணுவைப் படிக்க எதற்குப் பொதுப்பணம் என்பதே அந்தக் கேள்வி. கட்டுரையாளர் அதற்கு நான்கு காரணங்கள் அடுக்குகிறார். கையில் இருக்கும் மருந்துகளே போதும், அவை பலிக்காத இடங்களில் போலி மருந்தும் குறைந்த அளவும்தான் காரணம் என்பது முதலாவது. ஆட்டுப் புழு ஆட்டோடு, மனிதப் புழு மனிதனோடு, இரண்டையும் சேர்த்துப் பேசுவது பீதி கிளப்புவது என்பது இரண்டாவது. மரபணு படித்தவர்கள் இதுவரை ஒரு மருந்தோ தடுப்பூசியோ தரவில்லை என்பது மூன்றாவது. கழிப்பறையும் செருப்பும் வந்தால் புழு தானே ஒழிந்துவிடும் என்பது நான்காவது. முடிவில் ஆடு வளர்ப்போருக்கு யோசனையும் சொல்கிறார்: மாதம் தவறாமல் மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றுங்கள், கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுங்கள்.

நான்கு காரணங்களும் தவறானவை. கடைசியில் சொன்ன யோசனை தீங்கானது. ஒரு பத்திரிகையின் பக்கத்தில் அது அச்சாகி, நாலு பேர் படித்து, நாற்பது பட்டிகளில் நடைமுறைக்கு வந்தால், அந்தப் பட்டிகளில் மிச்சமிருக்கும் மருந்தும் செத்துப்போகும். அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்துகளின் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். கட்டுரையாளர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 1961-இல் தயாபெண்டசோல் சந்தைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இன்று மென்று விழுங்கும் அல்பெண்டசோலுக்கு மூத்த மருந்து அது. மூன்றே ஆண்டுகளில், 1964-இல், ஆடுகளின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு அந்த மருந்துக்கு அடங்காமல் பிழைத்திருப்பது பதிவானது. 1981-இல் ஐவர்மெக்டின் கால்நடை மருத்துவத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்கச் செம்மறிகளில் அதுவும் தோற்றது. ஆட்டுக்கென்று அடுத்த புது வகை மருந்து வர 28 ஆண்டுகள் ஆயின. மோனிபான்டெல் என்ற அந்த மருந்து 2009-இல் நியூசிலாந்தில் அறிமுகமானது. 2013-இல், அதே நாட்டின் ஒரு பண்ணையில் அதற்கும் அடங்காத புழுக்கள் இருப்பது அறிவிக்கப்பட்டது. இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று தள்ளவும் வழியில்லை. தென்னிந்தியச் செம்மறிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்குப் புழுக்கள் எதிர்ப்புக் காட்டுவதை நம் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் 2009-இலேயே அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். மருந்து கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள், அதை இழக்கச் சில ஆண்டுகள் என்பதே இந்த வரலாறு. இருக்கும் மருந்தே போதும் என்று எழுதுகிறவர் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

போலி மருந்தும் குறைந்த அளவும் உண்மையான பிரச்சினைகள்தாம். வெள்ளாட்டின் உடல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். செம்மறிக்கு எழுதிய அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றினால் அது அரைகுறை மருந்துதான். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஊற்றும்போதும் அளவு குறைகிறது. இதுவரை கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால் அந்தக் குறைந்த அளவு புழுவுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. எதிர்ப்பு மரபணுவைத் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒற்றைப் பிரதியாகப் பெற்ற புழு, அல்பெண்டசோல் வகை மருந்தின் முழு அளவில் பெரும்பாலும் செத்துவிடும். அரை அளவில் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தவை தமக்குள் கூடும்போது இரட்டைப் பிரதி கொண்ட குஞ்சுகள் பிறக்கும். அவற்றை முழு அளவாலும் அசைக்க முடியாது. ஆகவே குறைந்த அளவு என்பது மருந்தெதிர்ப்புக்கு மாற்று விளக்கம் ஆகாது. அது மருந்தெதிர்ப்பை வளர்க்கும் வழி. கட்டுரையாளர் தன் வாதத்துக்குத் தூணாக நட்டது அவருடைய வாதத்தையே இடிக்கிறது.

இந்த எதிர்ப்பு எங்கே குடியிருக்கிறது என்பதைச் சொல்வது மூலக்கூறு உயிரியல்தான். பீட்டா டியூபுலின் என்பது செல்லுக்குள் நுண்குழாய்களைக் கட்டும் புரதம். அல்பெண்டசோல் குடும்பத்து மருந்துகள் புழுவின் இந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு நுண்குழாய்கள் உருவாவதைத் தடுக்கின்றன. புழுவின் குடல் செல்கள் உணவை உறிஞ்ச முடியாமல் போக, புழு பட்டினியால் சாகிறது. அந்தப் புரதத்தின் 200-ஆவது இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் 'டிடிசி' என்ற மூன்றெழுத்தின் நடு எழுத்து மாறி 'டிஏசி' ஆனால் அங்கே டைரோசின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. ஹீமாங்கஸ் புழுவில் இந்த ஓரெழுத்து மாற்றத்தை 1994-இல் கண்டுபிடித்தார்கள். 167, 198 ஆகிய இடங்களில் நேரும் மாற்றங்களும் இதே வேலையைச் செய்கின்றன. மருந்து ஒட்டும் இடமே மாறிய பிறகு அளவைக் கூட்டிப் பயன் என்ன? புழு தாங்கிக்கொள்ளும், ஆட்டின் ஈரல்தான் கூடுதல் மருந்தைச் சுமக்கும்.

இந்த மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். ஓர் ஆட்டின் வயிற்றில் நூறு பெண் புழு இருந்தால் தினமும் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் முட்டை வரை புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்தில் விழுகின்றன. இவ்வளவு பெரிய கூட்டத்தில் எல்லா வகை எழுத்துப் பிழைகளும் ஏதோ ஒரு மூலையில் ஏற்கெனவே இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று, பிழையுள்ளவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. ஏறக்குறைய மூன்றே வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும். மாதாமாதம் மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றச் சொல்வது, மாதாமாதம் எதிர்ப்புப் புழுக்களை மட்டும் பொறுக்கி வளர்க்கச் சொல்வதுதான்.

இனி ஆடு வளர்ப்பவரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மருந்து பலிக்கிறதா என்று அறிய இன்று பரவலாகச் செய்யப்படுவது முட்டை எண்ணும் சோதனை. மருந்து கொடுப்பதற்கு முன்னும், கொடுத்துப் பத்துப் பதினாலு நாள் கழித்தும் புழுக்கையில் உள்ள முட்டைகளை எண்ணுவார்கள். முட்டை எண்ணிக்கையின் சரிவு 95 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எதிர்ப்பு இருக்கிறதென்று பொருள். நல்ல சோதனை, எளிய சோதனை, எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் நடக்க வேண்டிய சோதனை. ஆனால் புழுக்கூட்டத்தில் ஏறத்தாழ கால்பங்கு எதிர்ப்புப் புழுவாக மாறும் வரை அது எதையும் காட்டாது. காட்டும்போது காலம் கடந்திருக்கும். அதே புழுக்கையிலிருந்து வளர்த்த குஞ்சுப் புழுக்களின் டி.என்.ஏ.வைப் படித்தால், எதிர்ப்பு எழுத்து நூற்றில் சிலவாக இருக்கும்போதே தெரிந்துவிடும். அந்த வேளையில் மருந்தை மாற்றலாம், ஊற்றும் முறையை மாற்றலாம், மருந்தையே காப்பாற்றலாம். மரபணு ஆராய்ச்சியால் ஏழை விவசாயிக்கு என்ன லாபம் என்று கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். தாடைக்கு அடியில் நீர் கோத்து, கண் இமையின் உட்புறம் காகிதமாக வெளுத்து ஆடு சாய்வதற்கு முன்பே, விவசாயியின் மருந்து தோற்கப்போகிறதென்று எச்சரிக்கை கிடைக்கிறதே, அதுதான் லாபம்.

இரண்டாவது காரணம், ஆட்டுப் புழு ஆட்டோடு என்பது. இந்த ஒரு வரியை எழுதத் துணிந்ததிலிருந்தே கட்டுரையாளர் கடந்த முப்பது ஆண்டுகளின் ஒட்டுண்ணியியலைப் படிக்கவில்லை என்பது உறுதியாகிறது. பிரான்சுக்குச் சொந்தமான கோர்சிகா தீவில் காவு என்ற ஆறு ஓடுகிறது. 2013-இல் அதில் குளித்த விடுமுறைப் பயணிகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகத் தொடங்கியது. ஆப்பிரிக்காவுக்கே போகாதவர்களுக்கு ஆப்பிரிக்க ரத்தத் தட்டைப்புழு நோய். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. டி.என்.ஏ.வைப் படித்தபோது அது மனிதனைத் தாக்கும் சிஸ்டோசோமா ஹீமடோபியமும், ஆடுமாடுகளைத் தாக்கும் சிஸ்டோசோமா போவிஸும் கலந்த கலப்பினம் என்று தெரிந்தது. செனகல் பகுதிப் புழுக்களோடு அதற்கு நெருங்கிய உறவு இருப்பதும் தெரிந்தது. மாட்டுப் புழுவும் மனிதப் புழுவும் கூடிப் பெற்ற பிள்ளை, மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்ப் புது மண்ணில் வேரூன்றியிருக்கிறது. நுண்ணோக்கியில் முட்டையை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கதை யாருக்கும் தெரிந்திருக்காது.

கோர்சிகா தொலைவில் இருக்கிறது என்றால் பக்கத்தில் வருவோம். அன்கைலோஸ்டோமா செய்லானிகம் என்ற கொக்கிப்புழு இலங்கையில் கிடைத்த மாதிரியிலிருந்து 1911-இல் முதலில் விவரிக்கப்பட்டது. நெடுங்காலம் அதை நாய், பூனைகளின் புழு என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். மனிதர்களின் மலத்தில் காணும் கொக்கிப்புழு முட்டைகள் எல்லா இனத்துக்கும் ஒரே சாயலில் இருப்பதால், எல்லாம் மனிதப் புழு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். டி.என்.ஏ. சோதனை பரவலான பிறகுதான், தென்கிழக்காசிய மக்களிடையே அதிகம் காணப்படும் கொக்கிப்புழுக்களில் இரண்டாவது இடம் இந்த நாய்ப் புழுவுக்கு என்று தெரிந்தது. மனிதர்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் தெருநாய் அந்தப் புழுவைத் திரும்பவும் மண்ணில் விதைக்கும். தமிழ்நாட்டிலும் ஜவ்வாது மலையின் பழங்குடிப் பகுதியில் மனிதர், நாய், மண் மூன்றிலிருந்தும் கொக்கிப்புழு மாதிரிகளை எடுத்து டி.என்.ஏ. கொண்டு இனம் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே வாசலில் மனிதனும் நாயும் ஆடும் நடமாடும் ஊர்களில் வேறு எப்படி ஆராய்வது?

அமெரிக்காவில் நடந்ததையும் கட்டுரையாளர் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தயத்துக்கு வளர்க்கப்பட்ட கிரேஹவுண்ட் நாய்களுக்கு ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் பூச்சி மருந்து கொடுத்தார்கள். கட்டுரையாளர் ஆடுகளுக்குச் சொல்லும் அதே முறை. விளைவாக, அங்கே வழக்கத்தில் இருந்த மூன்று வகை மருந்துகளுக்கும் அடங்காத நாய்க் கொக்கிப்புழு உருவானது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நாய்களை மக்கள் தத்தெடுத்தபோது அந்தப் புழு வீடுகளுக்கும் பூங்காக்களுக்கும் பரவியது. அதன் பீட்டா டியூபுலினைப் படித்தபோது எழுத்து மாறியிருந்தது 167-ஆவது இடத்தில். ஆட்டுப் புழு எந்த வழியில் தப்பித்ததோ அதே வழியில் நாய்ப் புழுவும் தப்பித்திருக்கிறது. நாய்க் கொக்கிப்புழு மனிதக் கொக்கிப்புழுவுக்கு நெருங்கிய உறவு. ஆட்டுக்கு ஊற்றுவதும் பிள்ளைக்குக் கொடுப்பதும் ஒரே குடும்பத்து மருந்து. எனவே ஆட்டுப் பட்டியில் இன்று நடப்பது, பள்ளிக்கூடத்தில் நாளை நடக்கக்கூடியதன் முன்னறிவிப்பு.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தக் கூடாது. 2015-இல் சில மாநிலங்களில் தொடங்கி, பின்னர் இந்தியா முழுவதும் பிப்ரவரி 10-இலும் ஆகஸ்ட் 10-இலும் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கப்படுகிறது. அது தொடர வேண்டிய நல்ல திட்டம். மனிதப் புழுக்களில் அந்த மாத்திரை தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எல்லாப் புழுவையும் ஒன்றுபோல் வெல்வதும் இல்லை. 2008-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஒரு வேளை அல்பெண்டசோல் உருளைப்புழுவில் 88 சதவீதம் பேரையும், கொக்கிப்புழுவில் 72 சதவீதம் பேரையும் குணமாக்குகிறது. சாட்டைப்புழுவில் குணமாவது 28 சதவீதம் பேர் மட்டுமே. ஹைத்தி, கென்யா போன்ற நாடுகளில் எடுத்த மனிதச் சாட்டைப்புழுக்களில், ஆட்டுப் புழுவில் கண்ட அந்த 200-ஆம் இட மாற்றம் இருப்பதும் தெரியவந்திருக்கிறது. கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே மருந்தை ஆண்டுதோறும் கொடுக்கும் ஒரு நாடு, புழுவின் மரபணுவில் அந்த எழுத்து பெருகுகிறதா என்று பார்க்காமல் இருப்பது பொறுப்பின்மை. அதைப் பார்ப்பதற்கே பணம் கொடுக்கக் கூடாது என்று எழுதுவது அதைவிடப் பெரிய பொறுப்பின்மை.

மூன்றாவது காரணத்துக்கு வருவோம். மரபணு படித்தவர்கள் ஒரு தடுப்பூசியும் தரவில்லையாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை அழுக்குக் கையாலோ கழுவாத கீரையாலோ மனிதன் வயிற்றுக்குள் போனால், அதன் குஞ்சு மூளையில் கட்டியாக உட்கார்ந்து வலிப்பு வரவைக்கும். பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் வரும். வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டிதான் காரணம் என்று தெரிந்தது. இந்தப் புழுவின் இளங்குஞ்சு சுரக்கும் 'டிசோல்18' என்ற புரதத்தின் மரபணுவை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவினர் பிரித்தெடுத்து, நுண்ணுயிர்ச் செல்லில் செருகி, அந்தப் புரதத்தை உற்பத்தி செய்து பன்றிகளுக்கான தடுப்பூசியாக்கினார்கள். கேமரூனில் நடந்த களச்சோதனையில் இந்த ஊசியும் ஆக்ஸ்ஃபென்டசோல் மருந்தும் பெற்ற பன்றிகளில் ஒன்றில்கூடக் கட்டி காணப்படவில்லை. அந்தத் தடுப்பூசியைத் தயாரித்து 2016-இல் உரிமம் பெற்றது ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம். நம் நாட்டிலேயே, நம் ஊர் நோய்க்கு, மரபணுவிலிருந்து பிறந்த தடுப்பூசி இருக்கிறது. ஒன்றுமே இல்லை என்று எழுதுவதற்கு முன்பு தேடிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.

இது முதல் தடுப்பூசியும் இல்லை. செம்மறியின் நாடாப்புழுக் கட்டிக்கு எதிராக, மரபணு நகலெடுத்துத் தயாரித்த புரதத்தால் ஆட்டைக் காக்க முடியும் என்பது 1989-இலேயே நிரூபணமானது. நாயிடமிருந்து ஆட்டுக்கும் மனிதனுக்கும் பரவி ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகளை உண்டாக்கும் எக்கினோகாக்கஸ் புழுவுக்கு எதிரான 'இஜி95' தடுப்பூசியும் அதே வழியில் வந்தது. சீனாவும் அர்ஜென்டினாவும் அதைத் தயாரித்துச் செம்மறிகளுக்குப் போடுகின்றன.

ஐவர்மெக்டின் மரபணு படித்துக் கிடைத்ததல்ல, ஜப்பானிய மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது என்கிறார் கட்டுரையாளர். உண்மை. சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் அதற்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்த மருந்து புழுவின் உடலில் எங்கே வேலை செய்கிறது என்பது, மண்ணில் தனித்து வாழும் சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் மரபணுக்களைக் கொண்டுதான் 1994-இல் தெளிவானது. நரம்பிலும் தசையிலும் உள்ள, குளூட்டமேட்டால் திறக்கும் குளோரைடு வாயில்களை அது திறந்தபடியே வைத்துவிடுகிறது. புழு செயலிழந்து போகிறது. அந்த வாயில்கள் பாலூட்டிகளுக்கு இல்லை என்பதால்தான் ஆட்டுக்கும் மனிதனுக்கும் அது பாதுகாப்பானது. மோனிபான்டெல் தாக்கும் இடத்தையும் இதே சி. எலிகன்ஸைக் கொண்டே 2008-இல் அடையாளம் கண்டார்கள். அதிர்ஷ்டத்தால் கிடைத்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அறியாதவன், அதை எப்படி இழக்கிறோம் என்பதையும் அறியமாட்டான்.

யானைக்கால் புழுவை எடுத்துக்கொள்வோம். அதன் உடலுக்குள்ளே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. யானைக்கால் புழுக்களில் ஒன்றான புரூகியா மலாயியில் வாழும் வோல்பாக்கியாவின் மரபணுத்தொகுதியை 2005-இலும், அந்தப் புழுவினுடையதை 2007-இலும் படித்து முடித்தார்கள். புழுவால் தானாகச் செய்துகொள்ள முடியாத ஹீம், ரிபோஃபிளேவின் போன்றவற்றைத் தயாரிக்கும் மரபணுக்கள் அந்த பாக்டீரியாவிடம் இருப்பது தெரிந்தது. பாக்டீரியாவைக் கொன்றால் புழு மலடாகி மெல்லச் சாகும். அதனால்தான் டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்து யானைக்கால் புழுவுக்கு எதிராக வேலை செய்கிறது. இருக்கும் மருந்தே போதும் என்பவர், இருக்கும் மருந்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கற்றுக்கொடுப்பதும் இந்த ஆராய்ச்சிதான் என்பதை மறந்துவிட்டார்.

தோல்வியும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹீமாங்கஸுக்கு எதிராக 2014-இல் ஆஸ்திரேலியாவில் வந்த பார்பர்வாக்ஸ் தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதைச் செய்வதற்கு இன்றும் ஆடுகளுக்குப் புழுவைத் தொற்றவைத்து, வளர்ந்த புழுக்களை எடுத்து, அவற்றின் குடற்புரதங்களைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதே புரதங்களை ஆய்வகச் செல்களில் மரபணு செருகித் தயாரித்தபோது அதே பாதுகாப்பு கிடைக்கவில்லை. புரதத்தின் மடிப்பும் அதன்மேல் புழு ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகளும் வேறாக இருப்பது முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. இந்த முடிச்சை அவிழ்த்தால் உலகம் முழுக்க மலிவாகத் தடுப்பூசி செய்யலாம். அவிழ்க்க வேண்டியவர்கள் மூலக்கூறு உயிரியலாளர்கள். பாதி வழி வந்தவரைப் பார்த்து, இன்னும் ஊர் வரவில்லையே, திரும்பிப் போ என்று சொல்வது வாதம் ஆகாது.

நான்காவது காரணத்தில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது, அதை முழு மனதோடு ஏற்கிறேன். கழிப்பறை, செருப்பு, சுத்தமான குடிநீர் இந்த மூன்றும் எந்த மாத்திரைக்கும் முன்னால் நிற்க வேண்டியவை. நரம்புச்சிலந்தி நோயை இந்தியா தடுப்பூசி இல்லாமல், மருந்தும் இல்லாமல், குடிநீரைச் சீராக்கியே ஒழித்தது. 1996-க்குப் பிறகு இங்கே அந்த நோய் இல்லை. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்தது. ஆனால் அதே நோய் சாட் நாட்டில் ஒழியும் தறுவாயில், 2012-இலிருந்து, நாய்களில் தென்படத் தொடங்கியது. நாயில் இருப்பது வேறு புழுவா, மனிதனுடைய அதே புழுவா? வேறு என்றால் கவலையில்லை, அதே என்றால் ஒழிப்புத் திட்டமே மாற வேண்டும். பதில் சொன்னது டி.என்.ஏ. அதே புழுதான் என்று உறுதியானதும் நாய்களைக் கட்டிவைப்பது, மீன் கழிவைப் புதைப்பது என்று திட்டம் திசை மாறியது. சுகாதாரத்துக்கும் மரபணுவுக்கும் இடையில் கட்டுரையாளர் மூட்டிவிடும் சண்டை அந்தக் களத்தில் இல்லவே இல்லை. மேலும், ஆட்டுக்கு யார் கழிப்பறை கட்டப்போகிறார்கள்? மேயும் புல்லிலேயே புழுக்கை விழும், அந்தப் புல்லின் பனியில் குஞ்சுப் புழு ஏறி நிற்கும். அங்கே செருப்பு உதவாது.

நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் இது என்ற தொனி கட்டுரை முழுவதும் ஒலிக்கிறது. அதுவும் உண்மைக்கு மாறானது. குடற்புழுப் பரவலையே நிறுத்த முடியுமா என்று மூன்று நாடுகளில் நடந்த டீவார்ம்3 ஆய்வின் இந்தியக் களங்கள் தமிழ்நாட்டின் திமிரியும் ஜவ்வாது மலையும்தான். அங்கே மல மாதிரிகளைப் பி.சி.ஆர். முறையில் சோதித்தார்கள். கொரோனா காலத்தில் நம் மாவட்டங்களுக்கு வந்த பி.சி.ஆர். கருவிகளை இயக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே இருக்கிறார்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆட்டுப் புழுக்கைக்கும் பள்ளிப் பிள்ளையின் மல மாதிரிக்கும் ஒரே சோதனை முறை பொருந்தும். தேவைப்படுவது இரண்டு துறைகளும் ஒன்றாக உட்கார்வதும், தொடர்ந்து வரும் ஒரு சிறு நிதியும்.

ஆடு வளர்ப்போருக்குச் சொல்ல வேண்டியது கட்டுரையாளர் சொன்னதற்கு நேர் எதிரானது. மந்தை முழுவதற்கும் மாதாமாதம் மருந்து ஊற்றாதீர்கள். கண் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்திருக்கும் ஆட்டுக்கும் மெலிந்த ஆட்டுக்கும் கொடுங்கள், சிவப்பாக, திடமாக இருப்பதை விட்டுவிடுங்கள். மருந்து படாத அந்த ஆடுகளின் வயிற்றில் இருக்கும் சாதாரணப் புழுக்கள், எதிர்ப்புப் புழுக்கள் மட்டுமே மேய்ச்சல் நிலத்தை நிறைத்துவிடாமல் காக்கும். எடை போட்டு, வெள்ளாட்டுக்கு உரிய அளவை மருத்துவரிடம் கேட்டு முழுதாகக் கொடுங்கள். சந்தையில் வாங்கிய புது ஆட்டைத் தனியே கட்டி, மருந்து கொடுத்து, புழுக்கையைச் சோதித்த பிறகு மந்தையில் சேருங்கள். அடுத்த பட்டியின் எதிர்ப்புப் புழுவை உங்கள் பட்டிக்குக் கொண்டுவருவது அந்தப் புது ஆடுதான்.

அரசுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு. மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் முட்டை எண்ணுவதை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் வழக்கமாக்குங்கள். அந்த மாதிரிகளில் ஒரு பங்கையும், குடற்புழு நீக்க நாள் நடக்கும் பள்ளிகளிலிருந்து ஒரு பங்கையும் ஆண்டுதோறும் மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவை மக்கள் முன் வையுங்கள்.

கட்டுரையாளருக்குச் சொல்ல ஒன்றுதான் மிச்சம். உலகில் ஏறக்குறைய 150 கோடிப் பேரின் குடலில் மண்வழிப் புழுக்கள் வாழ்கின்றன. அவர்களுக்கும் அவர்களுடைய ஆடுமாடுகளுக்கும் கைகொடுக்கும் மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றை இழந்தால், அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புழு தன் மரபணுவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் படிக்காதே என்று நமக்குச் சொல்பவர் விவசாயிக்கும் துணை இல்லை, பிள்ளைக்கும் துணை இல்லை. அவர் எழுதியது புழுவுக்குச் சாதகமான கட்டுரை. அதைத் திரும்பப் பெறுவதே அவருக்கு அழகு.